கடலுக்கு நடுவே மின்வலை: நாலு வடிவமும் நம்ம ஊர்க் கணக்கும்

பெருந்துறைப் பக்கம் எலக்ட்ரிக்கல் படிக்கும் ஒரு தம்பி மூன்று கேள்விகள் அனுப்பியிருந்தார். ஐரோப்பாவின் வடகடலைச் சுற்றியுள்ள நாடுகள் கடல் வழியாக ஒன்றோடொன்று மின்சாரம் பகிர்ந்துகொள்ளத் தனித்தனி இணைப்பு, கலப்பு இணைப்பு, தீவு, வலை என்று நாலு விதமான அமைப்புகளைச் சொல்கிறார்கள், அதில் எது நல்லது என்பது முதல் கேள்வி. மன்னார் வளைகுடாவில் காற்றாலை, இலங்கைக்குக் கேபிள் என்று பேச்சு அடிபடுகிறதே, நமக்கு எது ஒத்து வரும் என்பது இரண்டாவது. கடலுக்கடியிலேயே கேபிள் போட முடிகிற காலத்தில் எங்கள் தோட்டத்தில் மட்டும் ஏன் டவர் என்பது மூன்றாவது. மூன்றாவதை மட்டும் கொஞ்சம் சூடாகக் கேட்டிருந்தார். நியாயம்தான்.

நான் மில்களுக்குக் காற்றாலைக் கணக்கு பார்க்கிறவன். அதனால் பதிலில் கம்பியைவிடக் காசு தூக்கலாகத் தெரிந்தால் பொறுத்துக்கொள்ளுங்க.

முதல் கேள்விக்கு ஒரே வரியில் பதில் வேண்டுமென்றால்: படத்தில் பார்க்க வலைதான் அழகு, கட்டி ஓட்டுவதற்குக் கலப்பு இணைப்புதான் இன்றைக்குப் புத்திசாலித்தனம். ஆனால் கேபிளை எந்த வடிவத்தில் போடுகிறோம் என்பதைவிட, ஒரு கேபிள் போனால் எத்தனை மெகாவாட் போகும், இரண்டு கரைக்கும் இடையிலுள்ள விலை வித்தியாசம் யார் கைக்குப் போகும் என்ற இரண்டும்தான் திட்டத்தை வாழ வைக்கின்றன, அல்லது குப்பைக்கு அனுப்புகின்றன.

அடிப்படையைப் புரிந்துகொள்ள நீங்கள் ஐரோப்பா வரை போக வேண்டியதில்லை. வீட்டுக்கு வருவது திசை மாறி மாறி ஓடும் ஏசி மின்சாரம், ஒரே திசையில் ஓடுவது டிசி. கரூர் மாவட்டத்துப் புகளூரில் இரண்டு விதமான டிசி தொழில்நுட்பமும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. சத்தீஸ்கரின் ராய்கரிலிருந்து 800 கிலோவோல்ட்டில் வரும் லைன் 6,000 மெகாவாட் கொண்டுவரக்கூடியது, நீளம் சுமார் 1,765 கிலோமீட்டர். ஏசியை டிசியாகவும் டிசியை ஏசியாகவும் மாற்றும் வேலையை அதில் தைரிஸ்டர் என்ற மின்னணு சுவிட்சுகள் செய்கின்றன, அதனால் அது தைரிஸ்டர் வகை. புகளூரிலிருந்து திருச்சூருக்கு 320 கிலோவோல்ட்டில் 2,000 மெகாவாட் போகும் லைனில் அதே வேலையை ஐஜிபிடி என்ற டிரான்சிஸ்டர்கள் செய்கின்றன, அது ஐஜிபிடி வகை. 2021 பிப்ரவரியில் தொடங்கிவைக்கப்பட்டது. சுமார் 5,070 கோடி ரூபாய்த் திட்டம், இந்தியாவில் இந்த வகையில் முதலாவது.

இரண்டுக்கும் என்ன வித்தியாசம்? தைரிஸ்டர் வகைக்கு இரண்டு முனையிலும் பலமான ஏசி கிரிட், அதாவது மின்கட்டமைப்பு, இருந்தாக வேண்டும். கிரிட் வோல்டேஜ் சற்றுத் தள்ளாடினாலே மின்னோட்டத்தை ஒரு தைரிஸ்டர் அடுக்கிலிருந்து இன்னொன்றுக்கு மாற்ற முடியாமல் திணறும். மின்சாரத்தை எதிர்த்திசையில் அனுப்ப வேண்டுமென்றால் வோல்டேஜின் பிளஸ், மைனஸைத் தலைகீழாக்க வேண்டும். மூன்று நாலு முனைகளை ஒரே கம்பியில் கோர்த்தால், ஒரு முனை மட்டும் திசை மாற நினைக்கும்போது இது பெரிய தலைவலி. ஐஜிபிடி வகை அப்படியில்லை. வோல்டேஜ் அப்படியே நிற்கும், மின்னோட்டம் மட்டும் திசை மாறும். எதிர்முனையில் கரண்டே இல்லாவிட்டாலும் அங்கே ஏசியை உருவாக்கித் தரும். கடலுக்கு நடுவே, காற்றாலையைத் தவிர வேறெதுவும் இல்லாத ஒரு மேடையில் தைரிஸ்டர் வகையை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. ஆகவே கடல் வலை என்று யார் பேசினாலும் திருச்சூர் லைன் வகையைத்தான் பேசுகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்க.

சரி, ஏசி கேபிளையே கடலில் போட்டால் என்ன? போடலாம், போடுகிறார்கள். ஆனால் கேபிள் என்பது நீளமான ஒரு கெபாசிட்டர். ஏசியில் அது வினாடிக்குப் பல தடவை சார்ஜ் ஆகிக் காலியாகிக்கொண்டே இருக்கும். 80, 100 கிலோமீட்டரைத் தாண்டினால் அந்தச் சார்ஜிங் மின்னோட்டமே கேபிளின் பெரும்பங்கைத் தின்றுவிடும், பயனுள்ள மின்சாரத்துக்கு இடமிருக்காது. ஸ்வீடன் 1954லேயே காட்லாந்து தீவுக்குக் கிட்டத்தட்ட 100 கிலோமீட்டர் கடலடி டிசி கேபிள் போட்டதற்கு இதுதான் காரணம். அன்றைக்கு அதன் திறன் வெறும் 20 மெகாவாட்.

இந்த இடத்திலேயே மூன்றாவது கேள்வியையும் முடித்துவிடுகிறேன். திருச்சூர் லைனில் கேரளத்துக்குள் சுமார் 27 கிலோமீட்டர் மண்ணுக்கடியில்தான் போகிறது. நம் பக்கம் முழுக்க டவர். 2018, 19இல் கோவை, திருப்பூர், ஈரோட்டு விவசாயிகள் விளைநிலத்தில் உயர்மின் கோபுரம் வேண்டாம், ரோட்டோரமாகக் கேபிள் போடுங்கள் என்று போராடியபோது, முடியாத காரியம் என்று பொத்தாம்பொதுவாகச் சொன்னவர்கள் இருந்தார்கள். 320 கிலோவோல்ட்டில் முடியும். அதே லைனிலேயே முடிந்திருக்கிறது. 800 கிலோவோல்ட் லைனுக்கு அந்தப் பதில் பொருந்தாது, இன்றைக்குப் பெரிய அளவில் வாங்கக்கூடிய பிளாஸ்டிக் காப்புக் கேபிள் 525 கிலோவோல்ட்டை ஒட்டித்தான் நிற்கிறது. மற்றபடி இது காசு விவகாரம். கேபிள் என்றால் செலவு பல மடங்கு. அந்தக் கூடுதல் செலவைக் கரண்ட் பில் கட்டுகிற எல்லோரும் பகிர்ந்துகொள்வதா, அல்லது டவருக்கு அடியில் தென்னை வைக்க முடியாமல் போனவர் ஒருத்தர் மட்டும் சுமப்பதா என்பதுதான் சண்டையே. கடலில் டவர் நட முடியாததால் அங்கே இந்தக் கேள்வி எழவே இல்லை, அவ்வளவுதான்.

இப்போது வடிவங்களுக்கு வருவோம்.

முதல் வடிவம் தனித்தனி இணைப்பு. காற்றாலைக்கு அதன் சொந்தக் கரைக்கு ஒரு கேபிள். இரண்டு நாடுகளுக்கு இடையே வியாபாரத்துக்கு வேறொரு கேபிள். வடகடலில் இதுவரை கட்டியதில் மிகப் பெரும்பகுதி இதுதான். நார்வேக்கும் நெதர்லாந்துக்கும் இடையே 2008இல் 700 மெகாவாட், 580 கிலோமீட்டர். நார்வேக்கும் பிரிட்டனுக்கும் 2021இல் 1,400 மெகாவாட், 720 கிலோமீட்டர். டென்மார்க்குக்கும் பிரிட்டனுக்கும் 2023 கடைசியில் அதே 1,400, நீளம் 765. எளிமையானது. ஒன்று போனால் மற்றது பாதிக்காது. யார் கட்டினார்கள், யாருக்கு வருமானம் என்பதில் குழப்பமே இல்லை. குறை ஒன்றுதான்: காற்றாலைக் கேபிள் வருடத்தில் பாதி நேரத்துக்குமேல் முழுசாக நிறைவதில்லை. கடலில் காற்று நன்றாக இருந்தாலும் சராசரி உற்பத்தி முழுத்திறனில் 40, 50 சதவீதம்தான். பக்கத்திலேயே இன்னொரு கேபிள் வியாபாரத்துக்காக ஓடும்போது இது அரைக்காலியாகக் கிடக்கும்.

அந்த வீண் செலவைப் பார்த்துப் பிறந்ததுதான் கலப்பு இணைப்பு. காற்றாலையின் கேபிளையே இரண்டு நாட்டுக்கும் நீட்டிவிடுவது. காற்று அடித்தால் காற்றாலை மின்சாரம், அடிக்காதபோது இரண்டு நாடுகளின் வியாபாரம். உலகில் முதன்முதலாக இதைச் செய்தது பால்டிக் கடலில், 2020 அக்டோபரில். டென்மார்க்கின் கிரீகர்ஸ் ஃபிளாக் காற்றாலைக்கும் ஜெர்மனியின் பால்டிக் 2 காற்றாலைக்கும் நடுவே தூரம் 30 கிலோமீட்டருக்கும் குறைவு. இரண்டு காற்றாலைக்கும் கரைக்குப் போகும் ஏசி கேபிள் எப்படியும் உண்டு. இடையில் சின்னத் துண்டை இணைத்தார்கள், 400 மெகாவாட் நாடுவிட்டு நாடு போகும் வழி கிடைத்துவிட்டது. டென்மார்க்கின் கிழக்குப் பகுதி நார்டிக் கிரிட்டில் இருக்கிறது, ஜெர்மனி வேறு கிரிட். இரண்டும் 50 ஹெர்ட்ஸ்தான் என்றாலும் ஒத்திசைந்து ஓடுவதில்லை. அதனால் ரோஸ்டாக் நகருக்குப் பக்கத்தில் பென்ட்விஷில், ஏசியை டிசியாக்கி அதே இடத்திலேயே மறுபடி ஏசியாக்கும் நிலையம் ஒன்றை வைத்தார்கள். நாம் வங்கதேசத்துக்கு 2013 முதல் பேராமாராவில் செய்வதும் இதே வேலைதான். ஆரம்பத்தில் ஸ்வீடனும் இந்தப் பால்டிக் திட்டத்தில் இருந்தது, நடுவில் விலகிக்கொண்டது.

கலப்பில் வரும் சிக்கலைப் பவானிசாகர் தண்ணீர் பார்த்தவர்கள் சட்டென்று பிடித்துக்கொள்வார்கள். தடப்பள்ளி, அரக்கன்கோட்டைப் பழைய ஆயக்கட்டுக்கு முதல் உரிமை, மிச்சத்தில்தான் கீழ்பவானிக்கு. கிரீகர்ஸ் ஃபிளாக்கிலும் காற்றாலைதான் பழைய ஆயக்கட்டு. அது எடுத்தது போக மிச்சமுள்ள இடம்தான் வியாபாரத்துக்கு. ஆனால் ஐரோப்பியச் சட்டம், எல்லை தாண்டும் லைனின் திறனில் குறைந்தது 70 சதவீதத்தை வியாபாரத்துக்குத் திறந்துவிட வேண்டும் என்கிறது. காற்று நன்றாக அடிக்கும் நாளில் அது நடக்காத காரியம். அதனால் இந்த ஒரு திட்டத்துக்காக விதிவிலக்கு வாங்கினார்கள். ஒவ்வொரு கலப்புக் கேபிளுக்கும் விதிவிலக்கு கேட்டுக்கொண்டே இருக்க முடியுமா?

அதற்கு ஐரோப்பா கண்டுபிடித்த வழி, காற்றாலை நிற்கும் கடற்பகுதியையே தனி விலை மண்டலமாக்குவது, அதாவது சந்தையில் அந்தப் பகுதிக்கென்று தனியாக ஒரு மின்விலை. இதைத்தான் நான் கொஞ்சம் நிறுத்திச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் பாடப்புத்தகத்தில் இருக்காது. ஒரு கற்பனைக் கணக்கு: அ நாட்டில் யூனிட் 8 ரூபாய், ஆ நாட்டில் 3 ரூபாய். நடுக்கடலில் 500 மெகாவாட் காற்றாலை, இரண்டு பக்கமும் தலா 500 மெகாவாட் கேபிள். காற்று முழு வேகத்தில் அடிக்கிறது. மின்சாரம் அத்தனையும் விலை அதிகமுள்ள அ நாட்டுக்குப் போகிறது, அந்தக் கேபிள் நிறைந்துவிட்டது. இப்போது காற்றாலைக்காரருக்கு என்ன விலை? 8 என்று நினைப்பீர்கள். தனி மண்டலம் என்றால் 3தான். ஏனென்றால் அங்கே இன்னும் ஒரு யூனிட் கூடுதலாக உற்பத்தியானால் அது போகக்கூடிய ஒரே வழி ஆ நாட்டுக் கேபிள், அங்கே விலை 3. மீதி 5 ரூபாய் கேபிள் கம்பெனியின் வருமானம். காற்றாலை அ நாட்டின் மண்டலத்திலேயே இருந்திருந்தால் அதே யூனிட்டுக்கு 8 கிடைத்திருக்கும். நாட்டுக்கு மொத்தத்தில் நட்டமில்லை, பணம் ஒரு பையிலிருந்து இன்னொரு பைக்குப் போகிறது. ஆனால் காற்றாலைக்குக் கடன் கொடுக்கும் பேங்க் எந்தப் பையைப் பார்க்கும்?

பல்லடம், உடுமலைப் பக்கம் காற்றாலை வைத்திருக்கும் மில்காரர்களுக்கு இந்தப் பயம் புதிதில்லை. ஆடிக்காற்றில் விசிறி வேகமாகச் சுற்றும்போதுதான் கிரிட் தாங்காது, நிறுத்துங்கள் என்று ஈபியிலிருந்து சொல்வார்கள். நிறைய ஓடும் நேரத்தில்தான் யூனிட்டுக்கு மதிப்புக் குறைகிறது. 2024இல் ஐரோப்பா மின்சந்தைச் சட்டத்தைத் திருத்தியபோது, கேபிளில் இடம் கொடுக்காததால் கடல் மண்டலத்துக் காற்றாலைக்கு வரும் இழப்பை ஈடுகட்ட ஒரு ஏற்பாடு சேர்த்தார்கள். அது சேர்ந்த பிறகுதான் இந்த வடிவத்தை நம்பிப் பணம் போட வாய்ப்பு வந்தது என்பது என் எண்ணம்.

மூன்றாவது வடிவம் தீவு. பல காற்றாலைகளை ஓரிடத்தில் சேர்த்து, அங்கேயிருந்து பல நாடுகளுக்கு டிசி கேபிள் விடுவது. பெல்ஜியம் கடலில் கான்கிரீட் பெட்டிகளை இறக்கி, மணல் நிரப்பி, இளவரசி எலிசபெத் பெயரில் ஒரு தீவையே கட்டுகிறது. 3.5 கிகாவாட் காற்றாலையைச் சேர்த்துக்கொண்டு பிரிட்டனுக்கும் ஒரு கேபிள் விடுவது யோசனை. 2.2 பில்லியன் யூரோ என்று தொடங்கிய மதிப்பீடு 7 பில்லியனைத் தாண்டியது, 2025இல் டிசி பகுதிக்கான ஒப்பந்தத்தைத் தள்ளிவைத்தார்கள். டென்மார்க் வடகடலில் கட்ட நினைத்த செயற்கைத் தீவும் தள்ளிப்போனது. ஏற்கெனவே இருக்கும் போர்ன்ஹோம் தீவைப் பயன்படுத்தி, 3 கிகாவாட் காற்றாலையை டென்மார்க்குக்கும் ஜெர்மனிக்கும் பகிரும் திட்டம்தான் இந்த வகையில் தரையில் கால் பதிந்தது. கடலில் மண் கொட்டுவதற்கு முன் இருக்கிற மண்ணைத் தேடுவது நல்லது.

நாலாவது வலை. எல்லா மேடைகளும் ஒன்றோடொன்று டிசியில் கோர்த்திருக்கும், எந்த வழியிலும் மின்சாரம் போகலாம். காகிதத்தில் செலவும் குறைவு, நம்பகமும் அதிகம். அப்புறம் ஏன் கட்டவில்லை? பிரேக்கர்தான், பழுது வந்தால் மின்னோட்டத்தைத் துண்டிக்கும் சுவிட்ச். 50 ஹெர்ட்ஸ் ஏசியில் மின்னோட்டம் வினாடிக்கு 100 தடவை பூச்சியத்தைத் தொடும், பிரேக்கர் அந்த நொடியில் பொறியை அணைத்துவிடும். டிசியில் பூச்சியமே வராது. கேபிள் பழுதானால் சில மில்லிவினாடிக்குள் மின்னோட்டம் எகிறிவிடும், அதற்குள் அறுக்க வேண்டும். ஐந்து மில்லிவினாடிக்குள் அறுக்கும் பிரேக்கரை ஏபிபி கம்பெனி 2012இல் அறிவித்தது. சீனா 2020இல் ஜாங்பெய்யில் 500 கிலோவோல்ட்டில் நாலு முனை வலையை இந்தப் பிரேக்கர்களோடு ஓட்டியே காட்டிவிட்டது. அதில் ஒரு முனை ஃபெங்னிங் நீரேற்று மின்நிலையத்துக்காக. நம் கடம்பாறையில் 400 மெகாவாட்டில் செய்யும் அதே வேலை, அங்கே 3,600 மெகாவாட்டில். ஆனால் அது தரையில், ஒரே நாட்டில், ஒரே நிர்வாகத்தின் கீழ். கடல் மேடையில் ஒவ்வொரு பிரேக்கருக்கும் வேண்டிய இடமும் எடையும் காசாக ஏறிக்கொண்டே போகும்.

பிரேக்கர் இல்லாமலும் மூன்று முனைகளைக் கோர்க்கலாம். இத்தாலி, கோர்சிகா, சார்டினியா 1988 முதல் ஓட்டுகின்றன. நம் நாட்டிலேயே அஸ்ஸாமின் பிஸ்வநாத் சாரியாலியிலிருந்து அலிபுர்துவார் வழியாக ஆக்ரா வரை 800 கிலோவோல்ட்டில் ஓடுகிறது. பழுது வந்தால் பழுதான பக்கத்தை முழுசாக நிறுத்திவிட்டு மறுபடி தொடங்க வேண்டும், அவ்வளவுதான். இங்கேதான் முதலில் சொன்ன மெகாவாட் கேள்வி வருகிறது. ஒரே நொடியில் எவ்வளவு மின்சாரம் இழந்தால் கிரிட் தாங்கும் என்பதற்கு ஒவ்வொரு இடத்திலும் ஓர் எல்லை உண்டு. ஐரோப்பியக் கண்டத்துக்கு 3,000 மெகாவாட், பிரிட்டனுக்கு 1,800. பிரேக்கரில்லாத டிசி வலை அந்த எல்லைக்குள் அடங்கியாக வேண்டும். அடங்குகிற வரைக்கும் பிரேக்கர் வாங்குவது வீண் ஆடம்பரம் என்பேன்.

கம்பியும் பிரேக்கரும் சரியாக இருந்தும் திட்டம் படுத்துவிடுவது உண்டு. ஸ்வீடன் 2024 ஜூனில் ஜெர்மனிக்கான 700 மெகாவாட் கேபிளுக்கு அனுமதி மறுத்தது, தென் ஸ்வீடனில் விலை ஏறிவிடும் என்ற பயம் பெரிய காரணம். நார்வேயில் 2021, 22இல் தெற்குப் பகுதி மின்விலை எகிறியதிலிருந்து வெளிநாட்டுக் கேபிள் என்றாலே ஓட்டுப் பிரச்சினை. மலிவான மின்சாரம் உள்ள ஊரிலிருந்து கேபிள் விட்டால் அந்த ஊரில் விலை ஏறும். இது சந்தையின் குறைபாடு இல்லை, கேபிள் போடுவதே அதற்குத்தான். அந்த ஊர்க்காரருக்கு வரும் வருமானத்தில் பங்கு என்ன என்று முன்கூட்டியே எழுதிவைக்காததுதான் தவறு.

இனி நம் கடல். மன்னார் வளைகுடாவில் முதலில் வரப்போவது 500 மெகாவாட் காற்றாலை. குஜராத்துக்கு ஒரு 500, நமக்கு ஒரு 500 என்று 2024 ஜூனில் மத்திய அமைச்சரவை 7,453 கோடி ரூபாய் உதவிக்கு ஒப்புதல் கொடுத்தது. கரைக்குப் பக்கம்தான், கரண்ட் ஏறப்போவது ஆவரைக்குளம் பக்கம். அதற்குச் சாதாரண ஏசி கேபிள் போதும். டிசி, தீவு, வலை எதுவும் வேண்டாம்.

இலங்கைக் கேபிள் கதையே வேறு. எழுபதுகளிலிருந்து பேச்சு நடக்கிறது. 2025 ஏப்ரலில் இரண்டு அரசும் டிசி இணைப்புக்கான புரிந்துணர்வு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே சுமார் 30 கிலோமீட்டர்தான், தூரத்தை மட்டும் பார்த்தால் ஏசி கேபிளே போதும். ஆனாலும் டிசிதான் சரி. இந்திய கிரிட்டோடு ஏசியில் நேராக இணைத்தால், இங்கே வரும் ஒவ்வொரு ஆட்டமும் அங்கே போகும். இலங்கையின் உச்சத் தேவையே 3,000 மெகாவாட்டுக்குள். 2025 பிப்ரவரி 9ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை பகலில், பாணந்துறை சப்ஸ்டேஷனில் ஒரு குரங்கு மின்மாற்றியைத் தொட்டதில் தீவு முழுக்க இருண்டது என்று அமைச்சரே சொன்னார். விடுமுறை நாள், தேவை குறைவு, சோலார் அதிகம், சுழலும் பெரிய டர்பைன்கள் குறைவு. கிரிட்டுக்குத் தாங்கும் சக்தி இல்லாத நேரம். பாவம் குரங்கு, பழி அதன்மேல் விழுந்தது.

அப்படிப்பட்ட கிரிட்டில் 500 மெகாவாட்டை ஒரே கேபிளாகக் கொண்டுபோய் மாட்டுவது எனக்குச் சரியாகப் படவில்லை. புகளூர்–திருச்சூர் லைன் 2,000 மெகாவாட்டை 1,000, 1,000 என்று தனித்தனியாக ஓடும் இரண்டு இணைப்புகளாகப் பிரித்திருக்கிறது. அதே மாதிரி 250, 250 என்று பிரித்தால் ஒன்று விழுந்தாலும் தீவு நிற்கும். ஐஜிபிடி வகையாக இருந்தால், தீவு இருண்ட நாளில் மதுரைப் பக்கத்திலிருந்து உயிர் கொடுக்கவும் முடியும். நடுவில் கடல் காற்றாலையை இப்போதே கோர்க்க வேண்டாம். ஆனால் பின்னால் மூன்றாவது முனை சேர்க்க இடம் விட்டு, எல்லோருக்கும் பொதுவான வோல்டேஜில் கட்டுங்கள். இல்லாவிட்டால் வேறு கம்பெனிக் கன்வர்ட்டரை (ஏசி, டிசி மாற்றும் கருவியை) சேர்க்கும்போது ஒன்றின் கன்ட்ரோல் மென்பொருள் மற்றதோடு சண்டை போடும். ஐரோப்பாவில் இதற்காகவே 2023இல் இன்டர்ஓபெரா என்று தனித் திட்டம் தொடங்க வேண்டி வந்தது.

நார்வேயும் டென்மார்க்கும் மாதிரி நாமும் லாபம் பார்ப்போம் என்று கணக்கு போடுபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அங்கே ஒரு பக்கம் அணைத் தண்ணீர், மறுபக்கம் காற்று. இங்கே மன்னார்த் தீவிலுள்ள 103.5 மெகாவாட் தம்பபவனி காற்றாலைக்கும் நம் ஆரல்வாய்மொழிக்கும் ஒரே தென்மேற்குப் பருவக்காற்றுதான். நமக்கு மிஞ்சும்போது அவர்களுக்கும் மிஞ்சும். ஆகவே காற்றைக் காற்றோடு மாற்றுவதில் பெரிய லாபம் இல்லை. அங்கே சாயங்கால உச்ச நேரத்தில் எரியும் எண்ணெயை நிறுத்துவதில்தான் லாபம்.

தம்பி, புராஜெக்ட் செய்வதாகச் சொன்னீர்கள். இந்திய மின்சந்தையில் தமிழ்நாடு இருக்கும் மண்டலத்துக்கு 15 நிமிடத்துக்கு ஒரு விலை, ஒரு நாளைக்கு 96 விலை கிடைக்கும். இலங்கையில் அப்படிச் சந்தையே இல்லை, வாங்குவது ஒரே நிறுவனம். அங்கே அந்தந்த நேரத்தில் எந்த எண்ணெய் நிலையம் கடைசியாக ஓடுகிறதோ, அதன் எரிபொருள் செலவையே விலையாக வைத்துக்கொள்ளுங்க. ஒரு வருஷத்துக்கு 250, 500, 1,000 மெகாவாட் மூன்றுக்கும் ஓட்டிப் பாருங்க. 250ஐ 500 ஆக்கும்போது எவ்வளவு கூடுகிறது, 500ஐ 1,000 ஆக்கும்போது எவ்வளவு கூடுகிறது என்று தனித்தனியாகக் குறியுங்க. கேபிள் பெரிதாகப் பெரிதாக அங்கே ஓடும் விலையுயர்ந்த நிலையங்கள் ஒவ்வொன்றாக நின்றுபோகும், அதனால் விலை வித்தியாசமும் சுருங்கும். அதைக் கணக்கில் சேர்க்காமல் வரும் லாபத்தை உங்கள் ஆசிரியர் நம்ப மாட்டார், நானும் நம்ப மாட்டேன்.